சாய்ராகுலின் பல்வலி

கரண்ட் ஆபீஸ்காரி சாய்ராகுல் மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு திரும்புவதற்குள் முகத்துக்கு நேரே ரொட்டி நீளும். நரின் என்கிற இந்த மத்திய ஆசிய மலையூரில் யார் வீட்டு வாசலை மிதித்தாலும் ஒரு துணுக்கு ரொட்டியாவது வாயில் வைக்காமல் வெளியே போக முடியாது. சண்டைக்கு வந்தவனுக்கும் இதே மரியாதைதான். கரண்ட் ரீடிங் எடுப்பவள் தினம் எத்தனை வாசல் மிதிப்பாள், நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் அவள் இளைத்தது ஊரறிந்த கதை. "டாக்டர் மாவே கூடாதுன்னுட்டார், கொஞ்சூண்டு குடுங்க போதும்" என்று வாசலுக்கு வாசல் சொன்னாள். சொன்னதைச் செய்தும் காட்டினாள். ஆளாளுக்கு அவளைத் திருப்பி நிறுத்திப் பார்த்தார்கள். "அடியே, இடுப்புன்னு ஒண்ணு இருக்கே உனக்கு!" லிப்ட் இல்லாத அந்தக் குடியிருப்புகளில் ஐந்தாம் மாடிவரை மூச்சு வாங்காமல் ஏறிப் போவாள்.

அப்புறம் குளிர்காலம் வந்தது. தம்பி கல்யாணம், அத்தை சாவு, இரண்டுக்கும் ஊர் வழக்கப்படி குதிரைக்கறி விருந்து. போன சதையெல்லாம் வட்டியும் முதலுமாகத் திரும்பிவிட்டது. இப்போது மூன்றாம் மாடியிலேயே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முட்டி தேய்கிறது, எடையைக் குறை, இல்லாவிட்டால் படி ஏறுகிற வேலையை விடு என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆபீஸ் நாற்காலியில் உட்காருவதை அவளால் நினைத்தே பார்க்க முடியவில்லை. இத்தனை வீட்டு வம்பும் அங்கே யார் சொல்வார்கள்?

பசியைக்கூட அடக்கிவிடலாம். அதே வாசலில், அதே ஆட்களிடம், அதே பேச்சை மறுபடி எடுக்கத்தான் நாக்கு எழவில்லை. "மொதத் தடவ சொன்னா பாவம்னு பார்ப்பாங்க. ரெண்டாந் தடவ சொன்னா சிரிப்பாங்க" என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள்.

அதனால் இந்த வாரம் ஒரு பொய்யைக் கண்டுபிடித்தாள். பல்வலி. வந்தது வினை! கடிக்க முடியாதவளை வெறும் வாயோடு அனுப்புகிற ஊரா இது? ஒரு வீட்டில் ரொட்டியைப் பால் டீயில் ஊறப்போட்டார்கள். அடுத்த வீட்டில் வெண்ணெயைக் குழைத்துத் தடவினார்கள். "மெல்லவே வேணாம், அப்படியே முழுங்கிடு." போன வாரத்தைவிட இரண்டு மடங்கு உள்ளே போனது.

நேற்று கடைசியாக நூரிலா அக்கா வீடு, ஐந்தாம் மாடி. ஏறிச் சேர்வதற்குள் சாய்ராகுலுக்கு வியர்த்து ஊற்றியது. அக்கா கிண்ணம் நிறையப் பாலாடையில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு முன்னால் வைத்தாள்.

"பல்லு எப்படிடி இருக்கு?"

"பல்லுக்கு ஒண்ணுமில்லக்கா. சும்மா சொன்னேன்."

"பின்ன என்னடி?"

சாய்ராகுலுக்குக் காது சுட்டது. "திரும்ப எளைக்கணும்க்கா. முட்டி போச்சு."

நூரிலா சிரித்தேவிட்டாள். "மறுபடியுமாடி!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பயந்தது நடந்தேவிட்டது. சாய்ராகுலுக்கு அழுகை முட்டியது. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

"ஆமாக்கா, மறுபடியும்தான்" என்று கிண்ணத்தை ஓரமாகத் தள்ளினாள். சாப்பாட்டு விரிப்பில் உதிர்ந்து கிடந்த ரொட்டித்தூள் ஒன்றை விரல் நுனியில் ஒற்றி எடுத்து, அக்கா சிரித்துக்கொண்டிருக்கும்போதே, வாசல் மரியாதைக்கு இது போதும் என்று நாக்கில் வைத்துக்கொண்டாள்.