சின்னாத்தாவின் சம்மதம்

என் அக்கா வேம்புலியம்மாளைக் கட்டிய துலுக்கானம் மாமா பால்காரனை நம்பமாட்டார். பாலில் விரலை விட்டு நகத்தில் சொட்டிப் பார்த்த பிறகுதான் அடுப்பில் ஏற்றச் சொல்வார். தீப்பெட்டி வாங்கினால் கடை வாசலிலேயே ஒரு குச்சியைக் கிழித்துப் பார்ப்பார். நான் அவருக்குச் சொந்த மச்சான், பட்டாபிராமில் சைக்கிள் கடை வைத்திருப்பவன். என்னைக்கூட அவர் சைக்கிளுக்குக் காற்றடிக்க விட்டதில்லை. டியூபில் ஊசி குத்திவிடுவேனாம்.

இப்படிப்பட்டவர் இந்த உலகத்தில் நம்பியது ஒருத்தியை மட்டும்தான். அவள் பெயர் சின்னாத்தா. அவள் ஓர் ஓநாய்.

நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர் ஒருவர் தன் மாந்தோப்பைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு, நாதியற்ற பிராணிகளை வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். கண் போன குரங்கு, நொண்டிக் குதிரை, ஒரு கிழட்டு ஒட்டகம். எண்பத்து நாலில் ஏதோ ஒரு சர்க்கஸ் நொடித்துப்போய், அதன் நான்கு ஓநாய்களும் அங்கே வந்து சேர்ந்தன. அவற்றுக்குக் கறி போடும் வேலை மாமாவுக்குக் கிடைத்தது. முதல் ஆறு மாசம் அவை மாமாவை நம்பவில்லை, மாமாவும் அவற்றை நம்பவில்லை. பொருத்தம் அப்படி.

பெயர் வைத்தது மாமாதான். வாலைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் சுற்றிச்சுற்றி வருகிறவன் மேஸ்திரி. வேலை ஒன்றும் செய்யமாட்டான், மற்றவர்களை முறைப்பதோடு சரி. கறியைத் தின்பதைவிடப் புதைப்பதில் குறியாக இருப்பவன் வம்பன். புதைத்த இடத்தை யார் பார்த்தார்கள் என்று திரும்பித்திரும்பிப் பார்ப்பான். அதை ஓரக்கண்ணால் பார்த்து வைத்துக்கொண்டு, அவன் அசந்த நேரத்தில் தோண்டித் தின்பது பிள்ளைப்பூச்சி. கடைசியில் சாப்பிடுகிற பிறவி, வேறு வழியில்லை. மாட்டிக்கொண்டால் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டி மன்னிப்புக் கேட்பான். இத்தனை பேரையும் ஒரு பார்வையில் அடக்கி வைத்திருந்தவள் சின்னாத்தா. ஆவடி ஃபாக்டரியில் சங்கு ஊதினால் முதலில் அவள் ஊளையிட வேண்டும், பிறகுதான் மற்றவை. அவள் தின்றால்தான் கறி, அவள் ஒதுங்கினால் மூன்றும் பட்டினி கிடக்கும். இந்தக் கட்டுப்பாடு மாமாவுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. தன் வீட்டில் அது நடக்கவில்லை என்ற ஏக்கமாகவும் இருக்கலாம்.

"மனுசன் மூஞ்சில ஒண்ணு காட்டுவான், மனசுல ஒண்ணு வச்சிகினு இருப்பான் வரதா," என்பார். "இவளுக்கு அந்த வேசமே தெரியாது. புடிச்சா கிட்ட வருவா. புடிக்கலன்னா பிடரி சிலுத்துக்கும். அவ்ளோதான்."

இது அவரோடு இருந்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அவருடைய ஒரே பெண் அம்சவேணிக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்ததும் வினை வந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் பஜ்ஜி, காபி முடித்ததும் மாமா எழுந்துவிடுவார். "வாங்க, தோப்பு வரிக்கும் காலாற நடந்துட்டு வருவோம்," என்று வேலிக்குக் கூட்டிப்போய் மாப்பிள்ளையை நிறுத்துவார். கூலிங் கிளாஸ் போட்டு வந்த ஒருவனைச் சின்னாத்தா நிராகரித்தாள். குடை கொண்டுவந்த இன்னொருவனைப் பார்த்து நாலும் சேர்ந்து உறுமின. கோயிலில் பூப்போட்டுப் பார்த்தால் ஊர் ஒப்புக்கொள்ளும். ஓநாயிடம் உத்தரவு கேட்டால் சிரிக்காமல் என்ன செய்யும்?

மூன்றாவதாக வந்தவன் பாஸ்கரன். வீடு திருமுல்லைவாயிலில், வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுவது. அம்சா அதே எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ரயிலில் பார்த்துப் பழகியிருக்கிறார்கள்.

"கட்டுனா அவரத்தான் மாமா கட்டிக்குவேன்," என்றாள் என்னிடம். "நைனா கைல சொல்லாத. நீயே தேடி இட்டாந்த மாறி இட்டா." தாய்மாமன் நான், மறுக்க முடியுமா? இட்டுக்கொண்டு வந்தேன்.

அந்த அசடு பெண் பார்க்க வருகிறோமென்று கிறீச்சிடும் புது பூட்ஸ் போட்டு, கழுத்தெல்லாம் பவுடர் அப்பிக்கொண்டு வந்திருந்தான். வேலியருகே அவன் நின்றதும் சின்னாத்தா மூக்கை ஒருமுறை தூக்கினாள். பிடரி எழுந்தது. மேஸ்திரி பல்லைக் காட்டினான், வம்பன் புதைத்த எலும்பின் மேல் போய்ப் படுத்துக்கொண்டான், பிள்ளைப்பூச்சியைக் காணவே காணோம்.

"பொருத்தம் இல்லீங்க," என்றார் மாமா.

"பொண்ணு பாக்க வந்தமா, இல்ல உன் ஓநாய்ங்களுக்குக் காவு குடுக்க வந்தமா?" என்று பையனின் அப்பா கத்தினார். வாசலில் விட்ட செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு எல்லோரும் போய்விட்டார்கள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அன்று முதல் ஒரு சந்தேகமும் பிடித்துக்கொண்டது. ஒரே பெண், அவளும் போனால் வீடு வெறிச்சோடிவிடும் என்று மனுஷன் பயப்படுகிறார். ரகசியமாக ஏதோ சைகை காட்டிவிட்டுப் பழியை வாயில்லாத ஜீவன் மேல் போடுகிறார். வேலியருகே நின்றபோது அவர் கை கறி வாளியை இறுக்கிப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன். அடுத்த நாளே கேட்டுவிட்டேன்.

"மாமா, நெசத்தச் சொல்லு. நீதான அவளுக்கு ஜாடை காட்டுன?"

"உனக்கு ரொம்ப சந்தேக புத்திடா வரதா. உடம்புக்கு ஆவாது," என்றார். சொன்னது யார் பாருங்கள்!

அம்சா அப்பாவிடம் பேச்சை நிறுத்தினாள். வேறு யாரும் பெண் பார்க்க வரக்கூடாது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். வேலை முடிந்து வந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவாள். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே போயிற்று. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே மாமாவும் சாப்பிட்டார். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு குறைந்தது, பீடி கூடியது.

தொண்ணூற்றொன்றில் அவருக்கு வயிற்றில் ஆபரேஷன். பட்டணத்தில் பெரியாஸ்பத்திரியில் கிடந்தார். தோப்பு டாக்டர் வயசானவர், கறி வாளியைத் தூக்க முடியாது. ஓநாய்களைக் கண்டால் எனக்குத் தொடை நடுங்கும். அம்சா யாரையும் கேட்கவில்லை, பாஸ்கரனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

இந்தத் தடவை அவன் பூட்ஸும் போடவில்லை, பவுடரும் போடவில்லை. ஷிப்ட் முடிந்து கிரீஸ் கறையோடு வந்தான். கறியைப் போட்டுவிட்டு வேலிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அம்சாவோடு பேசிக்கொண்டிருப்பான். அவர்களுக்கு ஓநாய் ஒரு சாக்கு என்று நான் சந்தேகப்பட்டேன், அது சரிதான். ஆனால் அப்படியே நாள் ஓடியதில், ஒரு சாயங்காலம் சின்னாத்தா வந்து வேலி வழியாக அவன் சட்டையை முகர்ந்துவிட்டுப் போனாள். நானே கண்ணால் பார்த்தேன்.

"கறி யாருடா போடறது?" என்று ஆஸ்பத்திரியில் மாமா கேட்டார்.

"டாக்டரே போடறாரு."

"அவரால குனியவே முடியாதே." விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நம்பவில்லை என்று தெரிந்தது.

மாமா பிழைத்து வந்தால் மொட்டை போடுவதாக அக்கா திருத்தணிக்கு நேர்ந்துகொண்டிருந்தாள். உடம்பு தேறியதும் கூட்டிப்போய் நிறைவேற்றினாள். திரும்பி வந்து ரயிலை விட்டு இறங்கியவர் வீட்டுக்குக்கூட வரவில்லை, நேரே தோப்புக்கு நடந்தார். நானும் அக்காவும் அம்சாவும் பின்னாலேயே போனோம். காக்கி அரைக்கால் சட்டையும் கொத்து மீசையும் பீடி நாற்றமுமாக அந்த ஓநாய்கள் அறிந்திருந்த மனுஷன் அவர். இப்போது மொட்டைத் தலையில் சந்தனம், மீசை இல்லை. பீடியை டாக்டர்கள் விடச் சொல்லிவிட்டார்கள். வெள்ளை வேட்டி காற்றில் படபடத்தது.

"சின்னாத்தா!" என்று கூப்பிட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு குரலும் மெலிந்திருந்தது.

அவள் மூக்கைத் தூக்கினாள். பிடரி எழுந்தது. மேஸ்திரி பல்லைக் காட்டினான். நாலும் பின்வாங்கி, அந்தப் பக்கக் குழாயடியை ஒட்டிய மூலைக்கு ஓடின. அங்கே வாளியோடு பதுங்கியிருந்தான் பாஸ்கரன். எங்களைக் கண்டதும் நழுவிவிடலாமென்று பார்த்திருக்கிறான். ஓநாய்கள் அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டன.

"வசியம் வச்சிட்டான்! கறில இன்னாத்தயோ கலந்து போட்டுட்டான்!" என்று மாமா கத்தினார். இன்னொரு முறை கூப்பிட்டார், கெஞ்சியே கூப்பிட்டார். சின்னாத்தா உறுமினாள். மாமா வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அவரைப் பழிவாங்க வேண்டுமென்று நான் எத்தனையோ நாள் நினைத்ததுண்டு. அன்றைக்கு எனக்கு அழுகைதான் வந்தது.

அம்சா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஒரு வருஷத்துக்கு மேலான பிறகு அப்பாவிடம் வாயைத் திறந்தாள்.

"நைனா, அதுங்க உன்ன நம்பறதுக்கு ஆறு மாசம் ஆச்சின்னு நீதான சொல்லுவ? அவுர நீ எம்மா நேரம் நிக்க வச்ச?"

மாமா மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார், விரலில் ஒட்டிய சந்தனத்தை முகர்ந்து பார்த்தார். பாஸ்கரன் எங்கே போவதென்று தெரியாமல் வாளியோடு நின்றுகொண்டிருந்தான். அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

பிறகு மாமா கையை நீட்டினார். நான் தூக்கிவிட்டேன்.

"நாளிக்கி அவங்க ஊட்டுக்கு நம்பளே போயி கேட்டுட்டு வரலாம்," என்றார்.

ஸ்டேஷன் வரை நடந்தவர், அம்சா முன்னால் போனதும் என் கையைப் பிடித்து நிறுத்தினார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"வரதா, அவங்க ஊட்ல நாய் எதுனா கீதா?"