தோளில் இருந்த விரல்கள்

எழுபத்தொன்றாம் வருஷம் என்று நினைக்கிறேன். காரைக்குடியில் ஒரு பெரிய வீட்டில் வீட்டுக்காரருக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. முகப்பில் மாட்டியிருந்த, காலமாகிவிட்ட அவர் அப்பா, பெரியவரின் படத்தைத் துலக்கித் தர என்னைக் கூப்பிட்டார்கள். நான் நகைவேலை செய்கிற ஆசாரி. படம் செம்புத் தகட்டில் திராவகத்தால் அரித்து, கோடுகளில் கறுப்பு மை ஏற்றியது. பெரியவர் ரங்கூனில் தொழில் செய்த காலத்தில் கொண்டுவந்தாராம்.

அந்த முகத்தை எனக்குப் பிடிக்காது. ஒரு கடைக்கண் பார்வை, உதட்டோரம் ஒரு சுளிப்பு. நகை கொடுக்கப் போகும்போதெல்லாம் எச்சில் இலையைப் பார்ப்பதுபோல அந்தப் படத்திலிருந்து என்னைப் பார்ப்பார்.

சட்டத்தைக் கழற்றினேன். பின்பக்கம் முழுக்கக் கரப்பான் முட்டையும் பல்லி எச்சமும். முன்பக்கம் தகட்டின் ஓரத்தை அவர் தோள்வரை மறைத்து அகலமாக ஒரு பலகை அடித்திருந்தார்கள். அதையும் எடுத்துவிட்டு, அடியில் பச்சைக் களிம்பேறிக் கிடந்த இடத்தைப் புளியால் மெல்லத் தேய்த்தேன். ஒரு பெண் தெரிந்தாள்.

பர்மாக்காரி. கொண்டையில் பூ. நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, அவர் தோளில் கை வைத்திருந்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். பெரியவர் என்னைப் பார்க்கவே இல்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டில் இருந்ததும் இளக்காரமில்லை. அவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். இத்தனை நாள் நான் பயந்த மனுசன் இவர்தானா என்று இருந்தது.

பெரியவரின் மருமகளான வீட்டு ஆச்சி வந்து பார்த்தார். முகம் மாறவில்லை. அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

"அதை வெட்டி எடுத்துரு ஆசாரி."

"ஆச்சி, பலகையை முன்ன மாதிரியே அடிச்சுத் தர்றேன். வெளியே தெரியாது."

"எங்க மாமியா இந்த வீட்டுல பதினாலு வருசம் ஒத்தையில கெடந்தாக. அவுகளுக்கு ஒரு படம் உண்டுமா? வெட்டு."

ஒரு நிமிடத்துக்கு முன்னால் அழகாக இருந்த அந்தச் சிரிப்பே எனக்கு அருவருப்பாகிவிட்டது. தகட்டில் கத்திரியை வைத்தேன். செம்பு லேசாக வெட்டுப்படும். வெட்டி முடித்த பிறகும் அவள் விரல்கள் நான்கும் அவர் தோளிலேயே இருந்தன.

"அதையும் சொரண்டு" என்றார் ஆச்சி.

சுரண்டினேன். ஒவ்வொரு விரலாக. அந்த ஓசை இப்போதும் பல்லைக் கூச வைக்கிறது. விரல் இருந்த இடம் பளபளவென்று வழுக்கையாக நின்றது. மாலை போட்டால் மறைந்துவிடும் என்று நானே சொன்னேன். சொன்னதோடு நிற்கவில்லை. மத்தியானம் அந்த வீட்டில் சாப்பாடு போட்டார்கள். மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அதை நினைத்தால்தான் இன்றும் என்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

வெட்டிய துண்டை உருக்கிவிடச் சொல்லிக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். வீட்டில் மனைவி அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"யாருங்க இது? சிரிக்கப் போறா போல இருக்கு. கை எங்கே?"

நடந்ததைச் சொன்னேன். வெட்டுப்பட்ட ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அந்த ஆச்சி சொல்றதுலயும் நாயம் இருக்கு," என்றாள். "ஆனா இவ என்ன செஞ்சா? நீங்க ஏன் வெட்டுனீக?"

துண்டை என்னிடம் திருப்பித் தரவில்லை. தன் பழைய சேலை ஒன்றைக் கிழித்து அதில் சுற்றி, பெட்டிக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். அந்தச் சாவியை நான் ஒருநாளும் கேட்டதில்லை.