ஜெஸ்டின் போட்ட விலாக் காயம்

ஜெஸ்டினுக்கு ஊரில் யாரையும் பிடிக்காது. ஊருக்கும் ஜெஸ்டினைப் பிடிக்காது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. மணப்பாட்டுக்கு வடக்கே இருக்கும் கடற்கரை ஊரில், ஃபைபர் படகுகளுக்குப் பெயிண்ட் அடித்துப் பெயர் எழுதுவது அவன் பிழைப்பு. எழுதும்போது எவனாவது பின்னால் நின்று, "அந்த எழுத்து கொஞ்சம் சாஞ்சிருக்கோ?" என்று கேட்டுவிட்டால் போச்சு. மிச்சப் பெயிண்ட், கேட்டவன் சட்டையில்தான்.

அப்படிப்பட்டவனை ஊர் பொறுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம் பாஸ்கா. பெரிய வெள்ளியையொட்டி கோயில் முற்றத்தில் நடக்கும் ஆண்டவரின் பாடுகள் நாடகம் அது. ஆண்டவராக நடிப்பவர் உடம்பில் காயம் போடுவது ஜெஸ்டினின் வேலை. மைதாப் பசையில் பஞ்சைத் தோய்த்துச் சதை செய்வான். வெல்லப்பாகில் சிவப்புப் பொடியும் கொஞ்சம் காப்பித்தூளும் போட்டு இரத்தம் காய்ச்சுவான். பெரிய வெள்ளிக்கு முந்தின நாற்பது நாள் தபசுக் காலம் முழுக்கக் குடிக்க மாட்டான். அவன் பாஷையில் சொன்னால், கையைச் சுத்தமாக வைத்திருப்பான். உள்ளங்கைகள், பாதங்கள், கடைசியில் வலது விலா. வரிசை ஒருநாளும் மாறியதில்லை. அந்த விலாக் காயத்தைக் கண்டதும் முற்றத்தில் இருக்கும் பெண்கள் வாய்விட்டு அழுவார்கள். வருஷம் பூராவும் ஊரோடு மல்லுக்கட்டுகிறவன், அந்த அழுகையைக் கேட்கும்போது மட்டும் திரைக்குப் பின்னால் சாதுவாக நிற்பான்.

போன வருஷம் அதற்கும் வினை வந்தது. காயத்தோடு பின்பக்கம் போய் பீடி பற்றவைத்த ஆண்டவரை ஜெஸ்டின் ஓங்கி ஓர் அறை விட்டான். சிலுவையில் தொங்கும் காட்சிக்கு ஆண்டவர் வீங்கிய கன்னத்தோடு வந்தார். கோயில் கமிட்டிச் செயலாளர் சந்தியாகு அன்றே அவனை விலக்கிவைத்தார். இந்த வருஷம் மறுபடி சேர்ப்பதா வேண்டாமா என்று வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு சொல்வதாக ஏற்பாடு. ஜெஸ்டின் வெளியே முறைத்துக்கொண்டு திரிந்தாலும், உள்ளுக்குள் அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகத் தவித்துக்கிடந்தான்.

அந்த வாரத்தில்தான் ஹனீன் வந்து சேர்ந்தாள். காயல்பட்டினத்துப் பெண். தூத்துக்குடிக் கல்லூரியில் விஸ்காம் படிக்கிறாள். போனில் பழைய பாஸ்கா வீடியோவை நிறுத்தி அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அண்ணாச்சி, இந்தக் காயத்தப் போட்டது நீங்கதானா? எங்க படத்துக்கு ஜாம்பி வேணும்."

"அது என்ன கருமம்?"

"செத்தும் நடக்குற ஆளுங்க. துறைமுகத்துல ஒரு கன்டெய்னர்லருந்து நோய் பரவுது, ஊரே அப்படி ஆயிருது."

"எங்க ஊர்ல ஏற்கெனவே எல்லாவனும் அப்படித்தான் அலையுதான்" என்றான் ஜெஸ்டின். ஆனாலும் ஒத்துக்கொண்டான். ஒரு வருஷமாகக் காயம் போடாமல் கை சும்மா கிடந்தது. அதைக் கேட்டு வந்த முதல் ஆள் இவள்.

சனிக்கிழமை மதியம் மாணவர்கள் வேனில் வந்து கடற்கரையில் இறங்கினார்கள். துறைமுகத்தில் அனுமதி கிடைக்கவில்லையாம். ஜாம்பிகள் எல்லாரும் துவைத்து மடித்த சட்டையில் வந்திருந்தார்கள். ஜெஸ்டினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏலே, செத்தவன் இஸ்திரி போட்டுக்கிட்டா எந்திச்சு வருவான்? கழட்டுங்கலே!"

சட்டைகளைத் தேயிலைத் தண்ணீரில் முக்கினான். கயிற்றில் கட்டி ஈர மணலில் இழுத்தான், சிரட்டையால் பிறாண்டிக் கிழித்தான். அம்மா வாங்கிக் கொடுத்த சட்டை என்று ஒருவன் சிணுங்கியதற்கு, "அப்போ அம்மாட்ட போயி நடி" என்று பதில் கிடைத்தது. முகத்தில் பசை அப்பும்போது யாரும் மூச்சு விடக்கூடாது. வெல்லத்துக்கு ஈ மொய்த்தால் விரட்டக்கூடாது. "இவரு மேக்கப்மேனா, போலீஸா?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, முகங்கள் நிஜமாகவே அழுகிப்போனவைபோல வந்திருந்தன.

கடைசியாக உட்கார்ந்தவன் வேல்ராஜ். ஏரல் பலசரக்குக் கடைக்காரர் மகன். அவன்தான் தலைமை ஜாம்பி. அவனுக்கு மட்டும் சட்டை கிடையாது. எலும்பு தெரியும் உடம்பு, தோள்வரை முடி, தாடி. இதற்குள் ஹனீன் நாலு தடவை வந்து, "வெயில் போகுது, சீக்கிரம்" என்று கத்திவிட்டாள். அவளுக்குத் திருப்பிக் கத்திக்கொண்டே ஜெஸ்டின் வேலையைச் செய்தான். வாய் சண்டையில் இருந்தது. கை தன்பாட்டுக்குப் போயிற்று. முடித்துவிட்டு, அடுத்த காட்சிக்குப் பசை கிண்டப் படகுக்குப் பின்னால் போய்விட்டான்.

கேமரா ஓடியது. வேல்ராஜ் அலையிலிருந்து தவழ்ந்து வந்தான். மீன்கூடையோடு அந்தப் பக்கம் வந்த ஒரு பெண் அவனைப் பார்த்ததும் கூடையை இறக்கி, "ஆண்டவரே" என்று நெற்றியில் சிலுவை போட்டாள். அதே நேரம் வேல்ராஜ் உறுமிக்கொண்டு, காட்சிக்காக மணலில் வைத்திருந்த ஆட்டுக்குடலை எடுத்து வாயில் திணித்தான். அவள் போட்ட கூச்சலில் கரையே திரண்டுவிட்டது.

சந்தியாகு ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தார். வேல்ராஜின் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். வலது விலாவைப் பார்த்தார்.

"ஒம் பேரு என்னலே?"

"வேல்ராஜ்."

"இந்தப் படத்த எடுக்கது யாரு?"

"நான்தான். ஹனீன்."

அந்த இரண்டு பெயர்களே போதுமானவையாக இருந்தன. "எங்க ஆண்டவரப் பேயாக்கிக் கேலி பண்ணவா இங்கன வந்திய?" என்று ஒருவன் வேல்ராஜின் கழுத்தில் கை வைத்தான். இன்னொருவன் கேமராவைப் பிடுங்கினான். "எங்களுக்கு எதுவும் தெரியாது, அல்லா மேல சத்தியமா" என்று ஹனீன் அழுதாள். அல்லா பெயரைக் கேட்டதும் கூட்டத்துக்கு இன்னும் வெறி ஏறியது.

சத்தம் கேட்டு ஓடிவந்த ஜெஸ்டின், அப்போதுதான் தான் போட்டதைத் தள்ளி நின்று பார்த்தான். உள்ளங்கைகள், பாதங்கள், வலது விலா. அதே வரிசை. சந்தியாகு அவன் தோளைப் பிடித்துத் தனியே இழுத்தார்.

"நீ ஒதுங்கி நில்லு. மூஞ்சிக்கு மட்டுந்தான் நீ, மத்தது அவனுவளே போட்டுக்கிட்டானுவன்னு சொல்லிருதேன். நாளைக்கு ஒன்னச் சேக்கச் சொல்லித்தான் கமிட்டில பேசப் போறேன். வாயத் தொறந்து கெடுத்துக்கிடாத."

வாயைத் திறக்காமல் இருப்பது ஜெஸ்டினுக்கு எப்போதுமே வராத காரியம். ஆனால் அன்று அவர் சொன்னபடியே இரண்டு எட்டு ஒதுங்கிப் போனான். பாஸ்கா வேண்டும் அவனுக்கு. சோற்றைவிட வேண்டும். அதற்குள் வேல்ராஜுக்கு முதல் அடி விழுந்தது. மைதாச் சதை பிய்ந்து மணலில் விழுந்தது.

"அவன விடுங்கலே! நான்தான் போட்டேன்!"

"பிள்ளையளக் காப்பாத்தப் பொய் சொல்லுதான்" என்றார்கள்.

"பொய்யா? ஓய் சந்தியாகு, தொந்தி விழுறதுக்கு முந்தி எத்தன வருசம் நீரு ஆண்டவரா நின்னீரு! ஒம்ம விலாவுல யாரு போட்டா? அதே எலும்புக்கு நேரதானா இல்லையான்னு நீரே பாத்துச் சொல்லும்!"

சந்தியாகு பார்த்தார். அவர் கை அவரை அறியாமல் தன் சட்டைக்கு மேல் வலது விலாவை அமுக்கியது. முகம் கறுத்துப்போனது.

"இவன் கைதான்" என்றார். பிறகு காறித் துப்பினார். "இனி சாகுற மட்டும் இந்தக் கை ஆண்டவர் மேல படக்கூடாது."

கேமராவை மணலில் எறிந்துவிட்டுக் கூட்டம் கலைந்தது. போகிற போக்கில் இரண்டு பேர் ஜெஸ்டினைத் தள்ளிவிட்டுப் போனார்கள். திருப்பி அடிக்க அவன் கை ஓங்கவில்லை.

ஹனீன் கேமராவைத் துடைத்துக்கொண்டே அவன்மேல் பாய்ந்தாள். "எல்லாம் ஒங்களாலதான்! ஒரு ஷாட்டுகூட உருப்படியா இல்ல. இன்னைக்கு விட்டா எங்களுக்கு வேற நாளே கிடையாது!"

ஜெஸ்டின் வேல்ராஜைப் படகு ஓரத்தில் உட்காரவைத்து, கடல்தண்ணீரால் உள்ளங்கைகளைக் கழுவினான், விலாவைக் கழுவினான். புதிதாகப் பசையை அள்ளிக்கொண்டு குனிந்தான். வேல்ராஜ் சட்டென்று அவன் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அண்ணாச்சி, மறுபடியும் அங்கனயே வைக்கிய. வேற எங்கயாச்சும் போடுங்க."

ஜெஸ்டின் தன் கையைப் பார்த்தான். அது வலது விலாவுக்கு நேரே நின்றது. அவன் அழுதுவிட்டான்.

"வேற எடம் எனக்குத் தெரியாதுலே!"