ஹவாய் ராசாவுக்குக் கட்டிய மாலை

எண்பதுகளின் நடுவில், சுவிஸின் நொஷாட்டல் நகரில் எங்கள் அறைக்குக் கீழ்வீட்டில் ஒரு ராசா இருந்தார். அப்படிப் பெயர் வைத்தது சித்தப்பா. ஓட்டலில் கோப்பை கழுவிவிட்டுப் படியேறும்போது, "ராசா கொலுவில இருக்கிறாரோ?" என்று சத்தமாகவே கேட்பார். கிழவருக்குத் தமிழ் தெரியாதென்ற துணிவு.

ஆனால் அவர் உண்மையாகவே அரச வழி வந்தவர். பசிபிக் கடலில் ஹவாய்த் தீவுகளை அவருடைய குடும்பம் ஆண்டது. சீனித் தோட்டக்காரர்கள் ராணியைச் சிம்மாசனத்திலிருந்து இறக்கினார்கள்; பிறகு அமெரிக்கா தீவுகளையே எடுத்துக்கொண்டது. சிறுவயதில் சுவிஸுக்குப் படிக்க அனுப்பிய இவருடைய தகப்பனைத் திரும்பக் கூப்பிட ஆளில்லை; இவர் பிறந்தது இங்கேதான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் கண்டவன் நான் ஒருவன்தான். பிரெஞ்சில் அவர் சொன்னதையெல்லாம் வீட்டில் தமிழில் சொன்னேன்.

"எங்கட ஊர் ராசாவைப் போர்த்துக்கீசன் கொண்டுபோய்த் தூக்கில போட்டான். இவரையாவது விட்டுவைச்சாங்களே," என்றார் சித்தப்பா.

ஒரு குளிர்காலம், தீவிலிருந்து ஆட்கள் வரப்போவதாகக் கிழவர் சொன்னார். தன்னைத் தலைவராக ஏற்று அழைத்துப்போவார்களாம். அவர்கள் ஊரிலும் வருகிறவருக்கு மாலை போடுவது வழக்கம். அம்மா சாமிப் படத்துக்குப் பூக் கட்டுவதைக் கண்டிருந்தவர், ஒன்று கட்டித் தரக் கேட்டார். அம்மா சிவப்புக் கார்னேஷன் பூவில் நெருக்கமாகக் கட்டிக்கொடுத்தாள்.

அந்த ஞாயிறு முழுதும் கறுப்புக் கோட்டோடு, கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தார். ஏரிப் பக்கமிருந்து காற்று மட்டும் வந்தது. பொழுதுபட, படியேறி வந்து மாலையை அம்மாவிடம் நீட்டினார். உங்கள் சாமிக்குப் போடுங்கள் என்றார்.

அம்மா கை நீட்டவில்லை. மனிதருக்கென்று கட்டியதைச் சாமிக்குப் போடுவதில்லை. அப்பாதான் எழுந்தார். கழுத்தில் சுற்றியிருந்த கம்பளிச் சால்வையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மாலையை வாங்கிக் கிழவரின் கழுத்திலேயே போட்டார். கிழவர் நிமிர்ந்து நின்றார். தன் மொழியில் ஏதோ சொன்னார். அதைத் தமிழில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அவர் இறங்கிப் போனதும் சித்தப்பா வெடித்தார். "இஞ்சை வந்துமோ அண்ணை? பெரிய சாதியாக்களுக்குச் சால்வை இறக்கினது ஊரில போதாதோ?"

"ஊரில இறக்கச் சொன்னவங்கள், இறக்கினன்," என்றார் அப்பா. "இஞ்சை ஆர் சொன்னது?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கீழே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சால்வை இன்னும் அப்பாவின் கக்கத்திலேயே இருந்தது. "குளிருது, போடுங்கோ அப்பா," என்று அதை இழுத்தேன்.

அவர் விடவில்லை.