இன்னாசிமேரி கையில் உடையாத டேப்லெட்

அரியலூர்ப் பக்கத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரி. அங்கே பாறையில் துளை போடும்போது வெளியே வருகிற தூளை அள்ளுவதுதான் இன்னாசிமேரியின் வேலை. வெடி வைப்பதற்கு முன் போடும் ஒவ்வொரு துளைக்கும் ஒரு பை. பையின் மேல் துளையின் எண், ஆழம், தூளின் நிறம். ஏலாக்குறிச்சியில் பன்னிரண்டாவது முடித்த கையோடு பை பிடிக்க வந்தவர். பத்தொன்பது வருஷத்தில், தூளை விரலில் தேய்த்துப் பார்த்தே லேப்காரர்கள் மறுநாள் சொல்லப்போவதை ஏறக்குறையச் சொல்லிவிடுகிற அளவுக்கு ஆகிவிட்டார்.

அதற்காக அவரை யாரும் பாராட்டியதில்லை. குவாரியில் அவருக்கு இருந்த பெயர் வேறு. எதைக் கொடுத்தாலும் குறை கண்டுபிடிக்கிறவர் என்பார்கள். புது பூட்ஸ் வந்தால் இடது கால் ஒரு நம்பர் பெரிசு. குடிதண்ணீர்த் தொட்டி வந்தால் குழாய் வெயில் பக்கம் இருக்கிறது, சுடுதண்ணிதான் வரும். சொன்ன குறை எதுவும் பொய்யாகவும் இருந்ததில்லை. மேனேஜர் தமிழ்மாறனுக்கு எரிச்சலே அதுதான்.

ஆகவே, விழுந்தாலும் உடையாத டேப்லெட் ஒன்றை ஒரு மாதம் சோதித்துப் பார்க்கச் சொல்லி சென்னைக் கம்பெனி ஒன்று கொண்டுவந்தபோது, அவர் ஆபீஸில் யாரையும் தேடவில்லை. நேரே மேரியைக் கூப்பிட்டார்.

"ஒரு மாசம் நீங்களே வச்சுப் பாருங்க. நல்லதையும் எழுதுங்க. கெட்டதை எழுதுங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்ல."

கம்பெனியிலிருந்து வந்திருந்த அறிவரசன் இஸ்திரி மடிப்புக் கலையாத பையன். தடிமனான ரப்பர் விளிம்பு வைத்த டேப்லெட்டை மேஜையில் நிறுத்தினான். கீழே ஒட்டியிருந்த கீபோர்டை ஒரு இழு இழுத்தான், கையோடு வந்தது. தனியாக வைத்துத் தட்டினாலும் எழுத்து திரையில் விழுந்தது. பிறகு டேப்லெட்டை இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போட்டான். தரையில் கார்ப்பெட்.

"தம்பி, எங்களுக்கு இவ்வளவு மெத்தையான தரை கிடையாது. வெளிய வாங்க" என்றார் மேரி.

வெளியே சுண்ணாம்புக்கல் குவியல். அறிவரசன் ஒருமுறை தமிழ்மாறனைப் பார்த்தான், ஒருமுறை டேப்லெட்டைப் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு போட்டான். அது இரண்டு கல்லில் முட்டி, குப்புற விழுந்து, எடுத்தபோது திரை எரிந்துகொண்டுதான் இருந்தது. மேரி ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தாலே அது பெரிய பாராட்டு என்பது அறிவரசனுக்குத் தெரியாது. பாவம், வியர்த்துப் போய் ஊருக்குப் போனான்.

மேரி சோதனையை ஆரம்பித்தார். உச்சி வெயிலில் திரை தெரிகிறதா? நிழலுக்குத் திரும்பி நின்றால் தெரிகிறது. கையுறையோடு தொட்டால் கேட்கிறதா? மூன்று தட்டுக்கு ஒன்று. வெள்ளைத் தூள் கீபோர்டின் சந்துக்குள் போகிறதா? போகிறது, ஆனால் குழாயடியில் காட்டிக் கழுவினால் ஓடிவிடுகிறது. கழுத்தில் மாட்டும் வார் மட்டும் பிடரியை அறுத்தது. எல்லாவற்றையும் அதிலேயே தமிழில் தட்டி வைத்தார்.

மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று பகல் பன்னிரண்டரைக்கு வெடி. கடைசித் துளையைப் படம் பிடிக்க கீபோர்டு இடைஞ்சலாக இருந்தது. கழற்றி, பக்கத்தில் நின்ற டம்பர் லாரியின் படியில் வைத்தார். படம் எடுத்து முடிக்கவும் சைரன் ஊதவும் சரியாக இருந்தது. ஆட்களும் வண்டிகளும் எல்லைக்கு வெளியே கிளம்பினார்கள். கூட்டத்தோடு நடந்து, தகரக் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் கீபோர்டு கையில் இல்லாதது தெரிந்தது.

வெடித்து, புழுதி அடங்கி, இனி ஆபத்தில்லை என்கிற இரண்டாவது சைரனும் ஊதியது. கீபோர்டைத் தேடக் கிளம்ப இருந்தவர், திரையைப் பார்த்து நின்றுவிட்டார். குறிப்பு எழுதும் கட்டத்தில் தானாகவே எழுத்து விழுந்துகொண்டிருந்தது.

ஏஏஏஏஏஏஏ.

பக்கத்தில் இருந்த துளை மெஷின்காரர் தங்கராசு எட்டிப் பார்த்தார். "யாரோ உன்னைய மரியாத இல்லாம கூப்புடுறாங்க மேரி."

மேரி பதறிப்போய் வேறு கட்டத்தைத் தொட்டார். அது ஆழத்துக்கான கட்டம், எண்ணை மட்டும்தான் ஏற்கும். ஒன்பது என்று அவர் எழுதி வைத்திருந்த எண்ணின் பின்னால் ஒரு ஐந்து வந்து உட்கார்ந்தது. இன்னொன்று. இன்னொன்று. அப்புறம் நின்றது.

அவருக்குப் பிடிபட்டுவிட்டது. எழுத்து விழுகிறதென்றால் கீபோர்டு கிட்டத்தில்தான் இருக்கிறது. யாரோ அதை அழுத்துகிறார்கள். மறுபடி குறிப்புக் கட்டத்தைத் தொட்டுவிட்டு, டேப்லெட்டை முன்னால் நீட்டிக்கொண்டு, கொட்டகையை ஒட்டி வரிசையாக நின்ற டம்பர்களின் ஓரமாக நடந்தார். முதல் வண்டி, ஒன்றுமில்லை. மூன்றாவது வண்டியருகே ஒரு ஏ வந்தது. நான்காவது வண்டிக்குப் பக்கத்தில் ஏ மழையாகக் கொட்டியது.

மேலே கேபினில் டிரைவர் செல்லமுத்து மடியில் ஒரு பலகையை வைத்து, அதன் மேல் டிபன் டப்பாவை வைத்து, சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு பிசைதலுக்கும் கீழே ஒரு ஏ.

"செல்லமுத்து, மடியில என்ன?"

"படியில கெடந்துச்சுக்கா. யாரோடதோ, மிதிபடக் கூடாதேன்னு எடுத்து வச்சேன். சாப்புட வசதியா இருக்கு."

திட்டத்தான் வாயெடுத்தார் மேரி. சிரிப்பு முந்திக்கொண்டது. குழம்பு வழிந்திருந்த கீபோர்டை வாங்கிக் குழாயடிக்குக் கொண்டுபோனார். கழுவி ஒட்டினார். வேலை செய்தது.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தார். மூன்று மணிக்கு லேபிலிருந்து மஞ்சு போன் செய்தாள்.

"என்னக்கா, ஒன்பது கிலோமீட்டருக்கு மேல தொளை போட்டிருக்கீங்களாமே. தூளு சூடா இருக்கா?"

ஒன்பதுக்குப் பின்னால் வந்த மூன்று ஐந்துகளும் அப்படியே லேபுக்குப் போயிருந்தன. ஒன்பதாயிரத்து ஐந்நூற்று ஐம்பத்தைந்து மீட்டர். டேப்லெட் ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பிவிட்டிருந்தது.

மேரிக்குச் சிரிப்பு வரவில்லை. தப்பான எண்ணோடு தன் பெயர் போனது பத்தொன்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை. கீபோர்டை வண்டியில் மறந்ததை எழுதாமல் விட்டால், யாருக்கும் தெரியப் போவதில்லை. செல்லமுத்துவும் தங்கராசுவும் வாய் திறக்க மாட்டார்கள். சாயங்கால பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தவர், வீட்டுக்குப் போனதும் எழுதினார்:

"கீபோர்டைக் கழற்றி டம்பர் படியில் வைத்து மறந்தது நான். அது என் தப்பு. ஆனால் யார் மடியிலோ இருக்கும் கீபோர்டு தட்டுவதை என் கணக்கில் எழுதிக்கொள்வது டேப்லெட்டின் தப்பு. கழற்றினால் அது வாயை மூட வேண்டும். துளையின் ஆழம் இருபது மீட்டரைத் தாண்டினால் என்னிடம் ஒரு தடவையாவது கேட்க வேண்டும்."

தமிழ்மாறன் அதை இரண்டு முறை படித்தார். "ஒங்க தப்ப எடுத்துடவா?" என்றார்.

"வேணாங்க சார். அத எடுத்தா மத்தத யார் நம்புவா?"

தமிழ்மாறன் அதை அப்படியே சென்னைக்கு அனுப்பினார்.

இரண்டு மாதம் கழித்து அறிவரசன் மறுபடி வந்தான். இந்தத் தடவை பூட்ஸ் போட்டிருந்தான். கழற்றிய கீபோர்டு இப்போது, டேப்லெட்டில் ஒரு பொத்தானை அழுத்தி அனுமதித்தால்தான் பேசும். ஆழக் கட்டம் இருபதைத் தாண்டினால் "சரிதானா?" என்று தமிழில் கேட்டது. வார் அகலமாகி, உள்ளே பஞ்சு வைத்திருந்தார்கள். குவாரிக்கு ஆறு டேப்லெட் எடுத்தார்கள். கீபோர்டு ஆபீஸுக்கு இரண்டு போதும் என்று மேரி சொன்னதைத் தமிழ்மாறன் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்.

போகும்போது அறிவரசன் ஒரு தாளைக் கொடுத்தான். கம்பெனி அச்சடித்த விளக்கத் தாள். கடைசி வரியில், களத்தில் சோதித்தவர் என்று போட்டு அவர் பெயர். மேரி அதைக் கண்ணருகே கொண்டுபோய் நிதானமாகப் படித்தார்.

"தம்பி, 'னா'வுக்குக் கால் விட்டுப்போச்சு. இன்னசிமேரின்னு இருக்கு."

"மாத்தி அனுப்புறேன் மேடம்."

"அனுப்புங்க. ஆனா இதையும் நான் வச்சுக்குறேன்" என்று மடிக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டார்.