மழை நாளில் மட்டும் அறாத இணைப்பு

எங்கள் தெருவுக்கு பிராட்பேண்ட் வந்த புதிது. இரும்புலியூரில் எங்கள் வீடும் என் கணவரின் அண்ணன் வீடும் அடுத்தடுத்து இருந்தன. அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிந்து அனுப்புவதைக் கேட்டு நான் டைப் செய்வேன். பக்கத்து வீட்டிலிருந்து என் ஓரகத்தி அதைத் திருத்துவார். அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் இரண்டு கம்ப்யூட்டர்களையும் ஒரு நீல ஒயர் இணைத்தது. என் ஜன்னலிலிருந்து சுவரேறி, இரண்டு மொட்டை மாடிகளையும் கடந்து, அக்கா வீட்டு ஜன்னலில் இறங்கும். நீளம் போதாததால் நடுவில் ஒரு ஜாயிண்ட். கட்டியவர் என் கணவர்.

முதல் மாதம் ஒழுங்காக ஓடியது. பிறகு காலை பத்து மணிக்கு மேல் இணைப்பு அறுந்துவிடும். ஃபைல் பாதியில் நிற்கும். ஜன்னலில் அக்காவின் குரல் கேட்கும்: "மறுபடியும் போயிடுச்சும்மா." பென் டிரைவை எடுத்துக்கொண்டு என் கேட்டைத் திறந்து, அவர் கேட்டைத் திறந்து ஓடுவேன். திரும்புவதற்குள் அடுத்த ஃபைல் காத்திருக்கும். மதியத்துக்கு மேல் தானாகவே சரியாகிவிடும்.

சர்வீஸ்காரர் ஒருநாள் மதியம் மூன்று மணிக்கு வந்து என் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டை மாற்றினார். போட்டுப் பார்த்தால் இணைப்பு இருந்தது. மறுநாள் காலை போய்விட்டது. "சிஸ்டம் ஓல்டாகீது மேடம், வேற வாங்கிடுங்க" என்றார். ஒரகடம் பக்கம் ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை பார்த்த என் கணவரோ, "நீங்க ரெண்டு பேரும் எதையாவது நோண்டியிருப்பீங்க" என்றார். கம்பெனி சூப்பர்வைசர் போனில் சொன்னார்: "இப்படியே லேட்டானா வேற டீமுக்குக் குடுத்துடுவேன் மேடம்." போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் கீபோர்டைத் தொடவே பிடிக்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு நோட்டில், அறுந்த நேரம், வந்த நேரம் எல்லாம் எழுதினேன். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் நான்கு நாள் மட்டும் ஒரு கோளாறும் இல்லை. நான்கும் மழை நாட்கள். மழையில்தானே ஒயர் கெட வேண்டும்? அக்காவிடம் காட்டினேன். "வெயில்ல என்ன நடக்குதுன்னு பாரு" என்றார்.

அடுத்த நாள் நல்ல வெயில். அக்காவின் கம்ப்யூட்டர் பதில் சொல்கிறதா என்று நொடிக்கொரு முறை கேட்கும் கறுப்புத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்தேகால் ஆனதும் பதில் வருவது நின்றது. இந்தத் தடவை கம்ப்யூட்டரைத் தொடவில்லை. ஒயரைப் பார்த்துக்கொண்டே மாடிப்படி ஏறினேன்.

மாடியில் என் கணவர். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தால் தன் துணியை அவரே துவைத்துவிடுவார். நீல ஒயரில் சொட்டச் சொட்ட ஒரு ஜமுக்காளம், பக்கத்தில் இரண்டு யூனிஃபார்ம். ஜாயிண்ட் இழுபட்டு வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

"என்னங்க இது?"

"கொடியில இடமில்ல. இது சும்மாதானே இருக்கு."

யூனிஃபார்ம்களை எடுத்தேன். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, "அக்கா, வருதா?" என்று கேட்டேன்.

"இல்ல."

ஜமுக்காளத்தை உருவினேன்.

"வந்துடுச்சு!"

மறுபடி போட்டேன். "போச்சு." எடுத்தேன். "வந்துடுச்சு." மூன்றாவது முறையும் போட்டபோது அவர், "போதும், புரிஞ்சுது" என்று ஜமுக்காளத்தைப் பிடுங்கிக்கொண்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. துணி காய்ந்து கனம் குறைந்ததும் இணைப்பு வந்திருக்கிறது. அதைத்தான் சர்வீஸ்காரர் தன் கைராசி என்று நினைத்திருக்கிறார். முதல் மாதம் இவருக்கு மார்னிங் ஷிஃப்ட். பத்து மணிக்கு மாடியில் யாருமே இல்லை.

தாம்பரம் போய் ஜாயிண்ட் இல்லாத ஒரே நீள ஒயரும், சில பிளக்குகளும், அவற்றை ஒயரில் அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் பிளேயரும் வாங்கி வந்தேன். எட்டு நிறக் கம்பிகளை வரிசை மாறாமல் பிளக்குக்குள் நுழைக்க வேண்டும். முதல் பிளக் வீண். இரண்டாவது பிடித்தது. ஒயரைப் பைப்புக்குள் விட்டுச் சுவரோடு சேர்த்து அடித்தவர் என் கணவர். எங்கே அடிக்க வேண்டும் என்று சொன்னது நான். அந்த வாரம் ஒரு ஃபைல்கூடத் தாமதமாகவில்லை.

சூப்பர்வைசரிடம் நடந்ததைச் சொன்னேன். பத்து நாளில் படப்பையிலிருந்து எங்கள் டீம் பெண் ஒருத்தி கூப்பிட்டாள். "அக்கா, எங்க வீட்லயும் கட்டாகிட்டே இருக்கு. நீங்க வந்து பார்க்க முடியுமா?"

கைப்பையில் பிளேயரைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.