பேருந்து நிலையத்துப் பூச்சியக்கா

மலை உச்சிப் பேருந்து நிலையத்தின் கழிப்பறையைப் பதினோரு வருடமாகப் பெருக்கித் துடைப்பவளுக்குப் பூச்சியக்கா என்று பெயர் வைத்தது ஓட்டுநர்கள்தான். வேறென்ன வைப்பார்கள்? காலையில் துடைப்பமும் வாளியுமாக வந்தால் முதலில் சுவரைத்தான் பார்ப்பாள். விடிய விடிய எரியும் குழல்விளக்கின் கீழே வெள்ளை ஓடு பதித்த சுவர். பனி உருகத் தொடங்கும் மூன்று வாரமும் அதில் அந்துப்பூச்சிகள் அப்பிக்கிடக்கும். வண்ணத்துப்பூச்சி என்றால் ஊரே வாயைப் பிளக்கும். சாம்பல் நிற அந்துப்பூச்சியை யார் சீந்துகிறார்கள்? அக்காதான் நாள்காட்டியின் பின்பக்கத்தில் எத்தனை, என்ன நிறம் என்று எழுதிவைப்பாள். சுவரடியில் ஊர்ந்து ஏறும், சிலந்தி போன்ற குண்டு ஜந்துக்கள் தன் பூச்சிகளைத் தின்றுவிடுமோ என்று, அவற்றை முதல் வேலையாகப் பெருக்கித் தள்ளிவிடுவாள். அவ்வளவு அக்கறை!

போன வருடம், முதுகில் இரண்டு பழுப்புக் கோடு போட்ட ஒரு வகைப் பூச்சியைப் பல படம் எடுத்து அடிவார நகரத்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பினாள். அங்கிருந்த அதிகாரி தொலைபேசியில் பேசினார். உணர்கொம்பு சீப்பு மாதிரி இருந்தால் ஆண் என்று சொல்லிக்கொடுத்தார். அவள் அனுப்பியதெல்லாம் ஆண்தானாம். கீழேயிருந்து காற்றில் அடித்து வந்த விருந்தாளியாக இருக்கலாம். பெண் கிடைத்தால்தான் இந்த மலையின் பூச்சி என்று பட்டியலில் ஏற்ற முடியும் என்றார். அக்காவுக்குச் சுருக்கென்றது. பதினோரு வருடமாகக் கண்ணால் பார்க்கிறாள், விருந்தாளியாமே!

பேருந்து பழுதுபார்க்கும் அவள் வீட்டுக்காரர் சிரித்தார். "பஸ்ஸுல ரெண்டாவது வளைவு தாண்டினா வாந்தி எடுக்கிறவ நீ. அது எங்க பொறந்தா உனக்கென்ன?"

"எனக்குத் தெரிஞ்சாகணும்," என்றாள்.

இந்த வருடப் பட்டியல் மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது. ஒன்பது நாள் காலையும் சுவரைச் சல்லடை போட்டுத் தேடிவிட்டாள். கோடு போட்ட பூச்சிகள் நாற்பதுக்கு மேல். அத்தனைக்கும் சீப்புக் கொம்பு. மரத்தண்டுகளில் தேடினாள். பேருந்து நேரப் பலகையைக் கழற்றிப் பார்த்தாள். குளிர்காலம் முழுக்க அதன் பின்னால் தூங்கிய ஒரு கிழிந்த இறக்கை வண்ணத்துப்பூச்சி தள்ளாடிப் பறந்ததுதான் மிச்சம்.

பத்தாம் நாள், வழக்கம்போலச் சுவரடியில் துடைப்பத்தை ஓங்கியவள் நின்றாள். ஒரு குண்டு ஜந்துவின் பின்புறத்தோடு பின்புறமாகக் கோட்டுப் பூச்சி ஒன்று ஒட்டியிருந்தது. பாவி, தின்கிறதே என்று பதறினாள். ஆனால் தின்னப்படுகிற பூச்சி துடிக்க வேண்டாமா? இது ஆடாமல் அசையாமல் இருந்தது. குந்தி உட்கார்ந்து அந்தக் குண்டின் கால்களை எண்ணினாள். ஆறு. சிலந்திக்கு எட்டல்லவா? முதுகில், இறக்கை இருக்க வேண்டிய இடத்தில், ரொட்டித்தூள் அளவுக்கு நாலு முளை. கொம்பு நூல் மாதிரி மெலிசு.

இது தின்பதில்லை, இணை சேர்வது. கழிப்பறைக் கதவைச் சாத்தி, 'சுத்தம் செய்யப்படுகிறது' பலகையை மாட்டினாள். வெளியே முதல் வண்டி ஓட்டுநர் அவசரம் தாங்காமல் கத்திக்கொண்டிருந்தார். கத்தட்டும். படத்தை அனுப்பிவிட்டு அதிகாரியை அழைத்தாள்.

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, "பெண்தாம்மா," என்றார்.

"இறக்கையே இல்லாதவ எந்தக் காத்துல சார் வருவா? இங்கதான் பொறந்திருக்கா."

அவர் சிரித்தார். பட்டியலில் ஏற்றிவிடுவதாகச் சொன்னார். அவருக்கும் ஒன்று தெரிய வேண்டியிருந்தது. "இத்தனை வருஷமா இது எப்படிம்மா கண்ணுல படாம போச்சு?"

அக்கா சுவரில் சாத்திவைத்த துடைப்பத்தைப் பார்த்தாள்.

"தினமும் பட்டுச்சு சார். நான்தான் கூட்டித் தள்ளிட்டேன்."